அறுவை மேசைக்கு முன் ஓர் ஊசி

இதய அறுவைக்கோ ஆஞ்சியோபிளாஸ்டிக்கோ போவதற்கு முன் அக்குபங்சர் செய்துகொண்டால் இதயத் தசைக்கு நேரும் சேதம் குறையும் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமலேயே ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். இத்தனை நூற்றாண்டு அனுபவம் பொய்யாகிவிடுமா என்பார்கள் சிலர். மணிக்கட்டில் குத்தினால் மார்புக்குள் என்ன நடந்துவிடப் போகிறது என்பார்கள் வேறு சிலர். இரண்டு பதில்களுமே எனக்குப் போதவில்லை. முதல் பதிலில் ஆதாரம் இல்லை. இரண்டாவது பதிலில் உடலியல் இல்லை. மணிக்கட்டைத் தூண்டினால் இதயத்தின் நடத்தையில் மாற்றம் வரும் என்பதற்குச் சோதனைக்கூடச் சான்றுகள் இருக்கின்றன. அந்த மாற்றம் ஒரு நோயாளியின் உயிருக்கும் நலத்துக்கும் உதவும் அளவுக்குப் பெரியதா என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

கேள்வியை எனக்குக் கொடுத்தவர் என் அத்தை. மைட்ரல் வால்வு சுருங்கிப் போய், மாற்று வால்வு பொருத்துவதற்கு நாள் குறித்திருந்தார்கள். இடையில் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவருடைய தோழி ஒருவர், வால்வு மாற்று அறுவைக்கு முன் தொடர்ந்து அக்குபங்சர் செய்துகொண்டவர்களுக்கு இதயச் சேதம் குறைவாக இருந்தது என்ற செய்தியை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். அத்தை அதை என் கையில் கொடுத்து, "இதில் எழுதியிருப்பது உண்மையா என்று மட்டும் பார்த்துச் சொல். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வேலையை அவர் பிரித்துக் கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உண்மையா என்ற பாதியே நான் நினைத்ததைவிட நீண்ட வேலையாக இருந்தது.

மணிக்கட்டிலிருந்து மார்புக்கு

முதலில், எதிலிருந்து இதயத்தைக் காக்க வேண்டியிருக்கிறது? வால்வை மாற்றுவதற்கு இதயத்தை நிறுத்தியாக வேண்டும். உடலின் ரத்த ஓட்டத்தை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ள, மகாதமனியைக் கவ்வியால் அடைத்து, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை உறங்க வைக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் இதயத் தசைக்குத் தன் வழக்கமான ரத்தம் கிடைப்பதில்லை. வேலை முடிந்து கவ்வியை எடுத்ததும் ரத்தம் திரும்பப் பாய்கிறதே, அந்தப் பாய்ச்சலும் ஒரு தாக்குதல்தான். செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி நுழைகிறது. செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ரேடிக்கல்கள்) பெருகுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் திறக்கக் கூடாத துளைகள் திறக்கின்றன. ஆஞ்சியோபிளாஸ்டியில் அளவு சிறியது, ஆனால் கதை அதேதான்: பலூன் விரியும்போது ஓட்டம் தடைபடுகிறது, உடைந்த கொழுப்புப் படிவின் துகள்கள் நுண்குழாய்களுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. இரண்டிலும் சேதமடைந்த தசைச் செல்களிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. எவ்வளவு சேதம் என்பதை மருத்துவர்கள் அந்தக் கசிவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

இனி மணிக்கட்டு. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து முஷ்டியை மடக்கி மணிக்கட்டைச் சற்றே உள்ளே வளைத்தால், முன்கையின் நடுவில் இரண்டு தசைநாண்கள் கயிறுபோல் எழும்பி நிற்கும். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, அந்த இரண்டு நாண்களுக்கும் இடையில் இருக்கும் பள்ளம்தான் நெய்குவான் புள்ளி. அக்குபங்சர் மரபில் இது இதய உறை வழித்தடத்தின் 6ஆம் புள்ளி. நெஞ்சுப் படபடப்புக்கும் குமட்டலுக்கும் தொன்றுதொட்டு இங்கேதான் குத்துகிறார்கள். உடற்கூறியல் படி அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே ஓடுவது மீடியன் நரம்பு. தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஊசியை இறக்கி, அதன் பிடியில் மின்கவ்வியை மாட்டி மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினால் நோயாளியின் விரல்கள் தாமாகவே துடிக்கும். நரம்பு தூண்டப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

வழித்தடம், உயிராற்றல் போன்ற மரபு விளக்கங்களை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். நரம்பு தூண்டப்படுவதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தில் ஜான் லாங்ஹர்ஸ்டும் பெங் லீயும் இதைப் பல ஆண்டுகள் பூனைகளில் ஆராய்ந்தார்கள். மீடியன் நரம்பைத் தூண்டும்போது எழும் சமிக்ஞை மூளைத்தண்டை எட்டி, இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் கட்டளையை அடக்குகிறது. அதனால் ரத்த அழுத்தத் திடீர் உயர்வும், ரத்தம் போதாமல் இதயத் தசை தவிப்பதும் குறைகின்றன. ஓபியாய்டுகள், அதாவது உடல் தானே சுரக்கும் வலி தணிக்கும் பொருட்கள், இந்த வேலையில் பங்கேற்கின்றன. அவற்றைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தினால் விளைவு மறைந்துவிடுகிறது. மருந்தால் தடுக்க முடிகிறது என்றால் அந்த விளைவுக்குப் பின்னால் உடலில் ஒரு வேதிப் பாதை இருக்கிறது என்று பொருள். நான் இந்த விஷயத்தை லேசாக ஒதுக்கிவிடாமல் மேலும் படித்ததற்கு இந்தப் பூனைகளே காரணம்.

அத்தையின் தாளில் சொல்லப்பட்டிருந்த ஆய்வு, சீனாவின் ஷியான் நகரத்து ஷிஜிங் மருத்துவமனையில் நடந்து, 2010ஆம் ஆண்டு மார்பு அறுவை மருத்துவர்களின் இதழ் ஒன்றில் வெளியானது. வால்வு மாற்று அறுவைக்கு வந்த 60 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முந்தைய 5 நாட்கள், நாளொன்றுக்கு 30 நிமிடம், நெய்குவான் உள்ளிட்ட மூன்று புள்ளிகளில் இரு பக்கமும் மின் அக்குபங்சர். அறுவைக்குப் பிறகு 6, 12, 24 மணி நேரங்களில் பார்த்தபோது அந்தப் பிரிவினரின் ட்ரோபோனின் குறைவாக இருந்தது. இதயத்தை முடுக்கும் மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவர்கள் முன்னதாக வெளியே வந்தார்கள். 2015இல் ஆஞ்சியோபிளாஸ்டி நோயாளிகள் 204 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்விலும் ட்ரோபோனின் குறைந்தது. அத்தையின் தாளில் பொய் எதுவும் இல்லை. ஆய்வு நடந்தது, எண்கள் எழுதியபடியே இருந்தன. அவரிடம் "உண்மைதான்" என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றிருக்கலாம்.

57 பேரும் 1,612 பேரும்

அப்படி நிற்காததற்குக் காரணம் அக்குபங்சரோடு சம்பந்தமில்லாத வேறொரு கதை. அந்தக் கதையைப் படித்த பிறகுதான் இந்த விஷயத்தில் என் கருத்து ஓரிடத்தில் நிலைகொண்டது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகிய மூவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நாயின் இதயத் தமனியை 40 நிமிடம் அடைத்தால் தசையின் ஒரு பகுதி செத்துப்போகும். அந்த நீண்ட அடைப்புக்கு முன், ஐந்தைந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டால், சாகும் பகுதி ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிவிட்டது. சிறிய துன்பத்தைப் பழகிய தசை பெரிய துன்பத்தைத் தாங்கியது. 1993இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது: இதயத்தின் ஒரு பகுதிக்குக் கொடுத்த பழக்கம், தொடாத வேறொரு பகுதியையும் காத்தது. பிறகு கை, கால்களில் ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். இதயம் அப்போதும் காப்பாற்றப்பட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, சில முறை திரும்பச் செய்தால் போதும். மருந்து வேண்டாம், செலவு இல்லை. கையைத் தூண்டி இதயத்தைக் காப்பது என்ற வகையில் அக்குபங்சருக்கு இதைவிட நெருங்கிய உறவுமுறை நவீன மருத்துவத்தில் இல்லை. ஷியான் ஆய்வாளர்களும் இதே பாதுகாப்புத் தத்துவத்தைத்தான் ஊசியால் எழுப்ப முயன்றார்கள்.

2007இல் லண்டனில் டெரிக் ஹவுசன்லாய், டெரிக் யெல்லன் குழுவினர் பைபாஸ் அறுவைக்கு வந்த 57 பேரிடம் இந்தப் பட்டையைச் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். ட்ரோபோனின் கசிவு 43 சதவீதம் குறைந்திருந்தது. உலகெங்கும் உற்சாகம் பரவியது. 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 329 பேரிடம் நடந்த ஆய்வில் ட்ரோபோனின் குறைந்ததோடு இறப்பும் குறைவாகத் தெரிந்தது. இந்தக் கட்டத்தில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். விலங்குச் சோதனை, உடலியல் விளக்கம், குலுக்கல் முறை ஆய்வுகள், புகழ்பெற்ற இதழ்கள் என்று எல்லாமே இருந்தன. அக்குபங்சருக்கு இன்று இருப்பதைவிட அதிகமாகவே இருந்தன.

அதே ஹவுசன்லாயும் யெல்லனும் பிரிட்டனின் 30 மருத்துவமனைகளில் 1,612 நோயாளிகளைச் சேர்த்துப் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான பட்டை, மீதிப் பேருக்குப் போலியாக இறுக்கும் பட்டை. ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தார்கள்: இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறுபடியும் அடைப்பு நீக்கும் தேவை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் உண்மைப் பட்டைப் பிரிவில் 26.5 சதவீதம், போலிப் பட்டைப் பிரிவில் 27.7 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள். ட்ரோபோனினிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் 43 சதவீதம் என்று மின்னிய எண் கரைந்துபோயிருந்தது. அதே 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 1,403 பேரிடம் நடந்த ஆய்வும் 14.3-க்கு 14.6 சதவீதம் என்று முடிந்தது. மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபஃபால் மருந்து பாதுகாப்பை மறைத்துவிட்டதோ என்று சிலர் நியாயமாகவே கேட்டார்கள். எஸ்ஸன் ஆய்வில் அந்த மருந்தைத் தவிர்த்திருந்தார்கள். ஆனால் 2019இல், அறுவையே இல்லாமல் மாரடைப்போடு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 5,401 பேரிடம் நான்கு நாடுகளில் பட்டையைச் சோதித்தார்கள். இதய மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனை சேர்க்கையோ நேர்ந்தவர்கள், பட்டை கட்டாதவர்களில் 8.6 சதவீதம், கட்டியவர்களில் 9.4 சதவீதம்.

தாம் பெற்றெடுத்து வளர்த்த கருத்தைத் தாமே பெரிய தராசில் வைத்து, எடை குறைவு என்று தாமே எழுதி வெளியிட்ட அந்தக் குழுவினர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதைவிட முக்கியமாக, 57 பேரிடம் கண்டது 1,612 பேரிடம் ஏன் காணாமல் போனது என்ற கேள்விதான் அத்தையின் தாளை மறுபடி எடுக்க வைத்தது. அந்தத் தாளில் இருந்தவர்கள் 60 பேர். அத்தனை சிறிய எண்ணிக்கையில் ஓரிரு நோயாளிகளின் அறுவை நீண்டுபோனால் போதும், சராசரி சாய்ந்துவிடும். மேலும், நல்ல முடிவு வந்த சிறிய ஆய்வுகள் அச்சேறுகின்றன, வராதவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. ஆண்ட்ரூ விக்கர்ஸும் சக ஆய்வாளர்களும் 1998இல் நாடு வாரியாக அக்குபங்சர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்த ஒவ்வோர் ஆய்வும் அக்குபங்சர் பலன் தருகிறது என்றே முடிந்திருந்தது. எந்த மருத்துவ முறையும் எப்போதும் வெற்றி பெறாது. எப்போதும் வெற்றி என்றால் தோல்விகள் எங்கோ வெளிவராமல் கிடக்கின்றன.

ட்ரோபோனின் வேறு, மனிதர் வேறு. ஸ்டென்ட் வைத்த பிறகோ பைபாஸ் முடிந்த பிறகோ ஓரளவு ட்ரோபோனின் ஏறுவது வழக்கமே. அதனால்தான் மாரடைப்பின் 2018ஆம் ஆண்டு உலகளாவிய வரையறை, ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பின் இயல்பு வரம்பைப் போல 5 மடங்கையும், பைபாஸுக்குப் பின் 10 மடங்கையும் தாண்டி, அதோடு ஈசிஜி, எக்கோ போன்ற வேறு சான்றும் இருந்தால்தான் அதை மாரடைப்பு என்று கொள்கிறது. ஏற்றம் சற்றுக் குறைவது நல்ல அறிகுறியாக இருக்கலாம். ஆனால் நோயாளி அறுவைக்குச் சம்மதிப்பது மாடிப்படி ஏற, மூச்சு வாங்காமல் உறங்க, பக்கவாதம் வராமல் வீடு திரும்ப. அவற்றை அளக்காத ஆய்வு அவற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

போலி ஊசி, போலி ஸ்டென்ட்

இந்த இடத்தில் அக்குபங்சர் ஆதரவாளர்கள் எழுப்பும் குறை ஒன்று உண்டு: எங்களிடம் மட்டும் இவ்வளவு கறாராக ஆதாரம் கேட்கிறீர்களே என்பது. இதய மருத்துவத்தின் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1950களில் நெஞ்சு வலிக்கு மார்பின் உட்தமனியைக் கட்டிவிடும் அறுவை பிரபலமாக இருந்தது. வலி குறைந்தது என்று நோயாளிகள் நிறைவோடு சொன்னார்கள். 1959இல் லெனார்ட் காப் குழுவினர் 17 பேரைச் சேர்த்து, சிலருக்குத் தமனியைக் கட்டாமல் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். அவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது. அந்த அறுவை விரைவிலேயே வழக்கொழிந்தது. 2017இல் ரஷா அல்-லாமி தலைமையில் பிரிட்டனில் நடந்த ஆர்பிட்டா ஆய்வு இன்னும் துணிச்சலானது: நிலையான நெஞ்சுவலி உள்ள 200 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைத்ததுபோல் நடித்தார்கள். ஆறு வாரம் கழித்து நடைப்பட்டையில் நடக்கும் நேரத்தில் புள்ளியியல் ரீதியான வேறுபாடு கிடைக்கவில்லை. 2023இல் அதே குழுவினர், நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி சோதித்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைப்பது தெரிந்தது. ஸ்டென்டையே இப்படித் திருப்பித் திருப்பிச் சுட்டுப் பார்க்கும் துறையில் ஊசிக்கு மட்டும் சலுகை கேட்பது முறையாகாது. கூடுதல் கொடுமையும் செய்ய வேண்டியதில்லை.

ஊசிக்குப் போலி செய்வது கடினம்தான். 1998இல் ஷ்ட்ரைட்பெர்கர் அறிமுகப்படுத்திய ஊசி மொண்ணையானது; மேடை நாடகத்துக் குத்துவாளைப் போலத் தோலில் அழுத்தியதும் பிடிக்குள் நழுவிவிடும், நோயாளிக்குக் குத்தியதுபோலவே தோன்றும். ஆனால் குத்துகிறவருக்கு எது உண்மை ஊசி என்று தெரியுமே. அவர் முகம், பேச்சு, கை எல்லாம் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும். இந்தக் கடினங்களுக்கு நடுவிலும் நல்ல ஆய்வுகள் வராமல் இல்லை. 2019இல் சீனாவில் நிலையான நெஞ்சுவலி உள்ள 404 பேரிடம், நான்கு வாரங்களில் 12 முறை ஊசி போட்டு, போலி ஊசியோடும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் வலி வரும் தடவைகள் குறைந்தன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் வரும் வலியைக் குறைப்பதும், அறுவை மேசையில் நிறுத்தி எழுப்பப்படும் இதயத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல முடியாத இரண்டு காரியங்கள்.

செய்தால் என்ன நஷ்டம்?

அத்தையிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பலன் நிச்சயம் இல்லை என்றே வைத்துக்கொள். செய்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நோயாளிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி, கேட்க உரிமையுள்ள கேள்வி. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமே அவர் அதைக் கேட்டார், நானும் உடனிருந்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாளை வாங்கி முழுவதும் படித்தார். பிறகு, "எந்தெந்தப் புள்ளிகள்?" என்றார். மூன்று புள்ளிகளில் ஒன்று தோள் எலும்புக்கு அருகே, காறை எலும்பின் கீழே மார்பில் இருப்பது. தன் மார்பில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இதற்குப் பின்னால் நுரையீரல் இருக்கிறது அம்மா. ஊசி ஆழமாகப் போனால் காற்று கசியும். அறுவைக்கு முந்தைய வாரத்தில் எனக்கு அது வேண்டாம்" என்றார்.

அடுத்து அவர் கேட்டது வார்ஃபரின் பற்றி. அத்தைக்குச் சீரற்ற இதயத் துடிப்பும் இருந்ததால் ரத்தம் உறையாமலிருக்க அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் வைக்கப் போகிறவர்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எடுப்பார்கள். இவர்களுக்கு மெல்லிய ஊசியும் ரத்தக்கட்டை உண்டாக்கலாம். மணிக்கட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: இப்போதெல்லாம் ஆஞ்சியோ பெரும்பாலும் மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாகத்தான் செய்கிறார்கள், நெய்குவான் அதற்கு ஓரிரு விரல் தள்ளித்தான் இருக்கிறது. கையில் வீக்கமோ ரத்தக்கட்டோ இருந்தால் இதய மருத்துவருக்குத் தேவையான வழியே கெட்டுப்போகும். பேஸ்மேக்கரோ, அதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவியோ பொருத்தியவர்களுக்கு மின் அக்குபங்சரின் துடிப்பு அந்தக் கருவியைக் குழப்பக்கூடும். நெஞ்செலும்பின் நடுவே குத்துவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு அந்த எலும்பில் பிறவியிலேயே ஒரு துளை இருக்கும், வெளியே தெரியாது, அதன் வழியே போகும் ஊசி நேராக இதயத்தைத் தொடும். அப்படி மரணம் நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மருத்துவர் கடைசியாகச் சொன்னதுதான் அத்தையின் மனத்தில் தைத்தது. வால்வு அறுவைக்கு முன் அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பியிருந்தார்கள். ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறிவிடக் கூடாது என்பதற்காக. "பல்லையே அவ்வளவு சுத்தம் செய்துவிட்டு, அதே வாரம் தோலில் தினமும் ஆறு இடத்தில் ஏன் துளை போட வேண்டும்? சுத்தமான ஒருமுறை ஊசியில் ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் பலன் தெரியாத இடத்தில் குறைந்த ஆபத்தையும் நான் கணக்கில் சேர்ப்பேன்" என்றார். தீங்கில்லை என்று நம்பிய மருந்தும் அறுவை நேரத்தில் வேறு முகம் காட்டியதுண்டு. 1,922 பேருக்கு இதய அறுவையை ஒட்டி, கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், எதிர்பார்த்த இதயப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பு சற்றுக் கூடியது. ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கானவர்கள் நன்மையோடு எடுத்துக்கொள்ளும் மாத்திரை வகைதான் அது.

அதன் பிறகு அவர் அத்தையிடம் கேட்டது நான் எதிர்பாராதது: "இதற்கு முன் மயக்க மருந்து எடுத்தபோது உங்களுக்கு வாந்தி வந்ததா?" பித்தப்பை அறுவைக்குப் பிறகு இரண்டு நாள் ஓயாமல் வாந்தி எடுத்ததை அத்தை சொன்னார். மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியவருக்கு ஒவ்வொரு குமட்டலும் எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நெய்குவானின் வலுவான ஆதாரம் இருப்பது அந்த இடத்தில்தான். அறுவைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் பற்றி 59 ஆய்வுகளை, 7,667 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளிவந்த, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இந்தப் புள்ளியைத் தூண்டினால் போலித் தூண்டலைவிடப் பலன் இருக்கிறது என்று முடிவு செய்தது. அதற்கு ஊசிகூடத் தேவையில்லை. புள்ளியின்மேல் குமிழ் அழுந்தும்படி கட்டும் மணிக்கட்டுப் பட்டையும் அந்த ஆய்வுகளில் அடக்கம். "வாந்திக்கான மருந்தும் கொடுப்பேன், ரத்தக்குழாயில் ஊசி ஏறாத கையில் பட்டையும் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இதயக் கவசமாகக் கேட்டுப் போன புள்ளி வேறொரு வேலைக்கு, ஆதாரத்தோடு, திரும்பக் கிடைத்தது.

காத்திருக்கும் நாட்கள்

அத்தையின் கேள்விக்கு அடியில் வேறொன்று இருந்தது என்பதை அந்த உரையாடலில்தான் பார்த்தேன். நாள் குறித்தாகிவிட்டது, அறுவை செய்யப் போகிறவர் வேறொருவர், மயக்கம் கொடுக்கப் போகிறவர் வேறொருவர். இதயம் மட்டும் தன்னுடையது. அந்த வாரங்களில் தன் கையால் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்ற தவிப்பு மிகவும் நியாயமானது. நவீன மருத்துவமனைகள் அந்தத் தவிப்பை வெறும் பயம் என்று எடுத்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பிவிடுகின்றன. ஊசி சிகிச்சையாளரோ அரை மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து நாடி பார்க்கிறார், உறக்கம் எப்படி என்று கேட்கிறார். நோயாளி அங்கே போவதில் வியப்பில்லை. சிகிச்சையாளரைத் திட்டுவதைவிட, மருத்துவமனை அந்த அரை மணி நேரத்தைத் தானே கொடுப்பது நல்லது.

கொடுப்பதற்கு விஷயமும் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைபாஸுக்குக் காத்திருந்த, நுரையீரல் சிக்கலுக்கு வாய்ப்பு அதிகமுள்ள 279 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், நாள்தோறும் 20 நிமிடம், எதிர்ப்புக் கொடுக்கும் சிறிய கருவி வழியாக மூச்சை உள்ளிழுக்கப் பழகியவர்களில் 18 சதவீதத்தினருக்கே அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வந்தது. பழகாதவர்களில் 35 சதவீதம். இங்கே அளந்தது நிமோனியா போன்ற, நோயாளி படுக்கையில் அனுபவிக்கிற துன்பங்களை. புகையை நிறுத்துவது, ரத்தசோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, முடிந்த அளவு நடப்பது ஆகியவையும் காத்திருக்கும் நாட்களில் நோயாளியின் கையில் இருப்பவை. அத்தை மூச்சுக் கருவியைத் தேர்ந்தெடுத்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. அதற்குக் கருவிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஊசி போட்டிருந்தால் அதுதான் காரணம் என்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஒருவரின் கதை எதையும் நிறுவுவதில்லை.

ஆகவே இன்று யாராவது என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: குமட்டலுக்கும் பதற்றத்துக்கும் வேண்டுமானால் மயக்க மருத்துவரைக் கேட்டுவிட்டு மணிக்கட்டுப் புள்ளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஊசிக்காக அறுவை நாளைத் தள்ளிப்போடாதீர்கள், மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், ஊசி போட்டுக்கொண்டால் இதய மருத்துவரிடமும், எடுக்கும் மருந்துகளை ஊசி போடுகிறவரிடமும் மறைக்காதீர்கள். இதயத்தைக் காக்கும் கவசம் என்ற பெயரை மட்டும் இப்போதைக்கு அதற்குக் கொடுக்க முடியாது. கொடுப்பதற்கு என்ன வேண்டும் என்பதைப் பட்டை ஆய்வுகள் காட்டிவிட்டன: பல நாடுகளின் மருத்துவமனைகள், ஆயிரக்கணக்கான நோயாளிகள், போலி ஊசி பெறும் ஒரு பிரிவு, யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாமல் முடிவுகளைக் கணக்கிடும் குழு, எந்த மயக்க மருந்து கொடுக்கப்பட்டது என்ற பதிவு, ட்ரோபோனினோடு நின்றுவிடாமல் ஓராண்டு வரை மரணம், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, வீடு திரும்பிய பின் நடக்க முடிகிறதா என்பது வரை எண்ணும் பொறுமை. முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று தொடங்கும் முன்பே பதிவுசெய்திருக்கவும் வேண்டும். மீடியன் நரம்பிலிருந்து இதயத்துக்கு ஒரு பாதை இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், இந்த ஆய்வு வீண் செலவாகாது. அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.